ஒரே மரம், இரண்டு மனு

நகர நிர்வாகத்தின் மரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு ஒரே மரத்தைப் பற்றி இரண்டு மனுக்கள் வருவது புதிதல்ல. கூரையெல்லாம் சருகு, வெட்டுங்கள் என்பார் ஒருவர். ஒரு கிளையைத் தொட்டாலும் வழக்குப் போடுவேன் என்பார் எதிர்வீட்டுக்காரர். இருவருமே அண்ணாந்து பார்க்கிறார்கள், குனிந்து பார்ப்பதில்லை.

நீரை உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், ஏறக்குறைய 60 செ.மீ. ஆழத்துக்குள்தான் பரவியிருக்கும். தண்டை ஒட்டிக் கேபிளுக்குப் பள்ளம் தோண்டினால் ஒரு பக்கத்து வேர்கள் அப்படியே அறுந்துபோகும். அன்று ஒரு புகாரும் வராது, ஏனென்றால் இலைகள் பச்சையாகத்தான் இருக்கும். சில ஆண்டுகள் கழித்து உச்சிக் கிளைகள் பட்டுப்போகும்போதுதான் எங்கள் தலை உருளும்.

கவாத்து, அதாவது கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்துவது, என்றாலே மக்களுக்குக் கசப்பு. மொட்டையடித்த மரங்களைப் பார்த்துப் பார்த்து வந்த கசப்பு, நியாயம்தான். மொட்டையடித்த முனையில் கொத்தாகத் துளிர் வருவதைப் பார்த்து, தழைத்துவிட்டதே என்று மகிழ்பவர்களும் உண்டு. அந்தப் புதுக் கிளைகளுக்குப் பிடிமானம் குறைவு. பருத்ததும் எடை தாங்காமல் பிய்ந்து விழும்.

கிளை தண்டோடு சேருமிடத்தில் மோதிரம்போல ஒரு புடைப்பு இருக்கும். அதைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: மரத்தின் காயம் ஆறுவதில்லை, மரம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அழுகலை அடைத்து வைக்கிறது. புடைப்பை இழந்தால் அந்தத் தடுப்பும் பலவீனப்படும். வேடிக்கை என்னவென்றால், தண்டோடு வழித்து வெட்டிய மோசமான வெட்டுக்குத்தான் ‘சுத்தமான வேலை’ என்று பாராட்டு கிடைக்கும். முறையாக வெட்டினால் அரைகுறையாக விட்டுவிட்டீர்களே என்று ஏச்சு.

இதற்காக மக்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் சாலைச் சீரமைப்பின் பெயரில் ஆயிரக்கணக்கான தெருமரங்கள் வெட்டப்பட்டன. எதிர்ப்பு வலுத்து 2018இல் வேலை நின்றது. நகராட்சி மக்களைத் தவறாக வழிநடத்தியது என்று 2023இல் வெளிவந்த விசாரணை அறிக்கை சொன்னது. அங்கே சந்தேகப்பட்டவர்கள் சரியாகத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

இப்போது மரத்தை வெட்டும் முன்பே அழுகலின் படத்தையும் காரணத்தையும் தண்டிலேயே கட்டித் தொங்கவிடுகிறோம். மனுக்கள் குறையவில்லை. ஆனால், பொந்து எவ்வளவு ஆழம், பாரத்தை மட்டும் குறைத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். சில சமயம் போதும்தான்.