பாபி கிப்ஸின் இரண்டு விமானங்கள்: ஐந்து மாத வேலையின் குறிப்பு

ஆஸ்திரேலிய விமானப்படையின் 3ஆம் ஸ்குவாட்ரன் என்னும் படைப்பிரிவுக்கு 1942இலும் 1943இன் தொடக்கத்திலும் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் தலைமை தாங்கியவர் பாபி கிப்ஸ். அவர் ஓட்டிய கிட்டிஹாக் போர் விமானத்தை அசலில் 72இல் ஒரு பங்கு (1/72) அளவுள்ள பிளாஸ்டிக் மாதிரியாகச் செய்யும் எண்ணத்தோடு சென்ற ஆகஸ்டில் பெட்டியைப் பிரித்தேன். வேலையின் நடுவே அவருடைய வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, போர் விமானத்தை மட்டும் அலமாரியில் வைத்தால் அவரைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும் என்ற எண்ணம் வலுத்தது. ஆகவே, போருக்குப் பின் நியூகினியில் அவருடைய நிறுவனம் பறக்கவிட்ட யுங்கர்ஸ் 52 சரக்கு விமானத்தையும் செய்யத் துணிந்தேன்.

கிட்டிஹாக் சிறியது, இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 16 செ.மீ.கூட இல்லை. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் விட்ட இடைவெளியைப் பட்டி வைத்து அடைத்து, 400, 800, 1200 எண் உப்புத்தாள்களால் தேய்த்தேன். மேற்புறத்துக்கு அடர் மண்நிறமும் மணல்நிறமும், அடிப்புறத்துக்கு நீலமும் ஏர்பிரஷில் அடித்தேன். ‘சிவி–வி’ என்னும் அவருடைய விமானக் குறியெழுத்துகளை ஒட்டும்போதுதான் தவறு செய்தேன். மங்கலான பெயின்டின் சொரசொரப்பின்மேல் நேரடியாக டெக்காலை, அதாவது நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய எழுத்துப் படலத்தை, ஒட்டியதால் அடியில் காற்று சிக்கி, எழுத்துகளைச் சுற்றி வெள்ளி பூத்ததுபோல் ஆகிவிட்டது. அவற்றை உரித்துவிட்டு, பளபளப்பு வார்னிஷை இரண்டு பூச்சு அடித்து, ஒரு நாள் முழுதும் காயவிட்டு, மாற்றுத் தாளிலிருந்த எழுத்துகளை ஒட்டினேன். இந்த முறை அவை கையால் எழுதியவைபோலப் படிந்தன.

சக்கரக் கால்களைப் பொருத்திய மாலையில் இடது கால் ஒடிந்து என் விரலிடுக்கில் நின்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்; ஏனெனில் கிப்ஸ் இழந்ததும் இடது சக்கரத்தைத்தான். 1942 டிசம்பரில் லிபியாவின் ஹுன் விமானத் தளத்தைத் தாக்கியபோது அவருடைய தோழர் ஒருவரின் விமானம் அடிபட்டுத் தரையிறங்கியது. எதிரி நிலம் என்று தெரிந்தே கிப்ஸ் அருகில் இறங்கினார். எடையைக் குறைக்க வெளிப்புற எரிபொருள் தொட்டியைக் கழற்றிப் போட்டார். மேலெழும்ப எவ்வளவு தூரம் கிடைக்கும் என்று காலால் அளந்து, அடையாளத்துக்கு முட்புதரில் கைக்குட்டையைக் கட்டினார். பாராசூட்டையும் எறிந்துவிட்டு, ஒருவர் மட்டுமே அமரக்கூடிய இருக்கையில் தோழரின் மடிமேல் உட்கார்ந்து விமானத்தைக் கிளப்பினார். தரை விட்டெழும்போது மேடு ஒன்றில் மோதி இடது சக்கரம் பிய்ந்து போனது. எஞ்சிய ஒற்றைச் சக்கரத்தில் தம் தளத்துக்கு வந்து இறங்கியபோது இருவருக்கும் காயமில்லை. வீரம் என்று இதைச் சொல்வார்கள். எனக்கோ அந்தக் கைக்குட்டைதான் பெரிதாகப் படுகிறது. உயிர் ஊசலாடும் நேரத்திலும் தூரத்தை அளந்து குறி வைத்துக்கொண்ட கை, பின்னாளில் எதையும் கட்டியெழுப்பக்கூடிய கை. அதற்கு அடுத்த மாதமே அவருடைய விமானமும் எதிரிப் பகுதியில் விழ, ஏறத்தாழ 80 கி.மீ. பாலைவனத்தில் நடந்து மீண்டார். என் மாதிரியின் ஒடிந்த காலுக்கு மெல்லிய பித்தளைக் கம்பியை உள்ளே செருகி ஒட்டினேன். இப்போது உறுதியாக நிற்கிறது.

நவம்பரில் யுங்கர்ஸைத் தொடங்கினேன். கிப்ஸ் 1948இல் நியூகினியில் கிப்ஸ் செப்பிக் ஏர்வேஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதில் ஆஸ்டர், நார்ஸ்மன் வகைகளோடு பின்னர் மூன்று யுங்கர்ஸ் 52 விமானங்களும் சேர்ந்தன. பாலைவனப் போரில் செருமானியர்களுக்கு ஆளும் சரக்கும் சுமந்த அதே வகை, இங்கே சாலையில்லாத மலையூர்களுக்குச் சரக்கேற்றிச் சென்றது. குறுகிய, கரடுமுரடான ஓடுதளத்திலும் இறங்கக்கூடிய தடித்த இறக்கையும் மடங்காத சக்கரங்களும் அதற்கு உண்டு.

அதன் தோல் முழுவதும் நெளிவுத் தகடு. உடலின் இரு பாதிகளையும் ஒட்டியபின் முதுகில் விழுந்த கோட்டைத் தேய்த்தால் நெளிவுகளும் தேய்ந்து மழுங்கின. மூன்று மாலைகள் வீணாயின. கடைசியில், பாகங்களை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்திச் சுடரின்மேல் காட்டி, இளகியதும் மெல்ல இழுத்துத் தலைமுடி அளவு நூலாக்கினேன். அந்த நூலைத் துண்டு துண்டாக நறுக்கி, மழுங்கிய இடத்தில் பழைய நெளிவுகளின் நேருக்கு ஒவ்வொன்றாகப் பதித்து, தூரிகை நுனியால் பசை தொட்டேன். நாற்பத்தொரு நூல்கள். பிரைமர் அடித்ததும் எது பழைய நெளிவு, எது என் நூல் என்று எனக்கே தெரியவில்லை.

நிறுவனத்தை 1958இல் விற்றபின் கிப்ஸ் காப்பித் தோட்டம் வளர்த்தார்; கொரோக்கா உள்ளிட்ட ஊர்களில் விடுதிகள் நடத்தினார். மனைவியும் இரண்டு பெண்களுமாக அவருடைய குடும்பம் அந்தத் தீவில் வாழ்ந்தது. முதுமையில், சிட்னியில், வீட்டின் கூடத்திலேயே இரட்டை இயந்திரம் கொண்ட ஒரு சின்னஞ்சிறு விமானத்தைத் தம் கையால் கட்டினார். 85 வயது வரை பறந்தார். 2007இல், 90 வயதில் காலமானார். விமானம் கட்டக் கூடத்தை விட்டுக்கொடுத்த அந்த வீட்டாரை நினைக்கிறேன். ஐந்து மாதமாக எங்கள் சாப்பாட்டு மேசையின் பாதி என் வேலைக்குப் போய்விட, குறுக்குப்பலகையில் தட்டு வைத்துச் சாப்பிட்ட என் மனைவிக்கும், நெளிவுகளை ஒட்டிய இரவுகளில் டார்ச் பிடித்த மகளுக்கும் அவர்களைப் புரியும்.

யுங்கர்ஸின் பதிவெழுத்துகள் இன்னும் ஒட்டப்படவில்லை. இந்த முறை வார்னிஷ் முதலில் அடித்தாயிற்று. சக்கரங்களுக்குச் செம்மண் சேற்றுப் பூச்சு பாக்கி. மார்கழிப் பனியில் பெயின்ட் காயத் தாமதமாவதால் தை பிறந்ததும் அதைச் செய்வேன்.