இலங்கையை ஒரே தாளில் படியுங்கள்: யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் ஜி.எஸ். 2 (பொது அறிவு இரண்டாம் தாள்) எழுதுபவர்களுக்கு

குடிமைப் பணித் தேர்வின் இறுதிப் பட்டியல் வந்துவிட்டது, என் பெயர் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் இப்போதுதான் மூச்சு வந்திருக்கிறது. நேர மேலாண்மை, விருப்பப் பாடம் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கைகொடுத்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். அண்டை நாடுகள் பகுதியில் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, ஒப்பந்தத்தின் மூல வாசகம் வரை இறங்கிப் படித்தேன். நான் எடுத்தது இலங்கை.

எதற்கு ஒரே நாடு? முந்தைய வினாக்களைப் பாருங்கள். 2013இல் இந்திய-இலங்கை உறவை வைத்து, உள்நாட்டுக் காரணிகள் வெளியுறவுக் கொள்கையை எப்படிப் பாதிக்கின்றன என்று கேட்டார்கள். 2022இல் ‘இந்தியா இலங்கையின் நெடுநாள் நண்பன்’ என்று சொல்லி, நெருக்கடியில் இந்தியாவின் பங்கை விவாதிக்கச் சொன்னார்கள். முதல் கேள்விக்கு அரசியல் தெரிய வேண்டும், இரண்டாவதுக்குப் பணக் கணக்கு தெரிய வேண்டும். இரண்டையும் தனித்தனிக் குறிப்பேட்டில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விடைகளும் பாதிதான் வரும்.

நான் செய்தது இவ்வளவுதான். ஒரு பெரிய தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் ராஜதந்திரம், வலப்பக்கம் வணிகமும் கடனும். ஒரே ஆண்டில் நடந்தவை ஒரே வரிசையில். என் தாளில் கட்டாயம் இருந்தவை:

1964: சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 1,50,000 பேர் விவகாரம் பிறகு. (1974இல் ஆளுக்குப் பாதி.)
1974, 1976: கடல் எல்லை ஒப்பந்தங்கள்.
1987: ராஜீவ்-ஜெயவர்தனே ஒப்பந்தம், மாகாணங்களுக்கு அதிகாரம் தரும் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம். வலப்பக்கம்: திருகோணமலை எண்ணெய்த் தொட்டிகள்.
1998 டிசம்பர் கையெழுத்து, 2000 மார்ச் அமல்: தடையற்ற வணிக ஒப்பந்தம்.
2008: அடுத்த கட்ட விரிவான பொருளாதார ஒப்பந்தம் பேசி முடித்தும் கையெழுத்தாகவில்லை.
2012, 2013: ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு இந்தியாவின் வாக்கு. 2013 மார்ச்சில் திமுக கூட்டணியை விட்டு விலகியது.
2017: அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு.
2021: கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையம் இந்தியாவின் கைவிட்டுப்போனது, மேற்கு முனையம் கிடைத்தது.
2022: கிட்டத்தட்ட 400 கோடி டாலர் உதவி. ஆகஸ்டில் சீனாவின் கண்காணிப்புக் கப்பல் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டையில்.
2023: ஐஎம்எஃப் (பன்னாட்டு நாணய நிதியம்) கடனுக்கு இந்தியா முதலில் தந்த நிதி உறுதி. நாகப்பட்டினம்-காங்கேசன்துறைக் கப்பல்.

தாளை முடித்துச் சுவரில் ஒட்டிப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. இரண்டு பக்கமும் எப்போதும் சேர்ந்து நடப்பதில்லை. 2008இல் போர் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது, டெல்லி கொழும்புக்கு நெருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வணிக ஒப்பந்தம் நின்றுபோகிறது. காரணம் இலங்கைக்குள்ளேயே இருந்தது. இந்திய நிறுவனங்களும் இந்தியத் தொழில்வல்லுநர்களும் வந்து இறங்கிவிடுவார்கள் என்று அங்குள்ள தொழில்துறையினர் பயந்தார்கள். அதற்கு நேரெதிராக, 2013இல் ஜெனீவாவில் எதிர்த்து வாக்களித்த அதே காலத்தில் வடக்கில் இந்திய வீட்டுத் திட்டம் நடந்துகொண்டிருந்தது.

திருகோணமலைத் தொட்டிகள்தான் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு. 1987இல் பரிமாறிக்கொண்ட கடிதத்திலேயே, தொட்டிப் பண்ணையைக் கூட்டு முயற்சியாகச் சீரமைப்பது பற்றி இருக்கிறது. மொத்தம் 99 தொட்டிகள். இந்தியன் ஆயிலின் (ஐஓசி) இலங்கை நிறுவனம் 2003இல் உள்ளே வந்தது. ஆனால் முழுப் பண்ணைக்கும் முடிவு வந்தது 2022 ஜனவரியில்தான்: 14 ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த நிறுவனத்துக்கு, அதில் 51 சதவீதம் இலங்கைப் பக்கம். அதே மாதம் 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற வசதி. அடுத்த மாதம் எரிபொருளுக்கு 50 கோடி டாலர் கடன். ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்தியது. இந்த வரிசையை எழுதினாலே ‘நெடுநாள் நண்பன்’ என்ற வாக்கியத்தை விவாதித்தாகிவிட்டது. நட்பு உண்மை, அதோடு காலம் பார்த்துச் செய்த கணக்கும் உண்மை. இரண்டையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இனி மூல வாசகம். இதில் எனக்குக் கோபமே உண்டு. நான் பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சி மையத்தின் அச்சுக் குறிப்பில், ‘1974 ஒப்பந்தம் இந்திய மீனவர்களுக்குக் கச்சத்தீவில் மீன்பிடி உரிமை தந்தது, 1976 ஒப்பந்தம் பறித்தது’ என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அங்கே படித்த எல்லோரும் அதையே எழுதினார்கள். வெளியுறவு அமைச்சகத் தளத்தில் ஒப்பந்தமே கிடைக்கிறது, சில பக்கம்தான். 4ஆவது பிரிவு எல்லைக் கோட்டின் அந்தந்தப் பக்கத்து நீருக்கும் தீவுகளுக்கும் அந்தந்த நாட்டின் இறைமை என்கிறது. 5ஆவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்பு போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது. ‘மீன்பிடி’ என்று அதில் இல்லை. 6ஆவது பிரிவு இரு நாட்டுக் கலங்களும் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடரலாம் என்கிறது. தமிழ்நாட்டின் வாதம் இங்கேதான் கால் ஊன்றுகிறது. 1976இல் ஒருவர் கடலில் மற்றவர் அனுமதியின்றி மீன் பிடிக்கக் கூடாது என்பது வெளியுறவுச் செயலர்கள் பரிமாறிய கடிதத்தில் வருகிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்ற மீன்வளப் பகுதி இந்தியாவின் பக்கம் வந்ததும் அந்த ஆண்டு ஏற்பாட்டில்தான்.

ஆளுமைத் தேர்வில் (நேர்முகத்தில்) இது வந்தது. என் ஊர் ராமநாதபுரம் மாவட்டம் என்று பார்த்ததும், “கச்சத்தீவைத் திரும்பக் கேட்க வேண்டும் என்கிறீர்களா?” என்றார் ஓர் உறுப்பினர். நான் ஆம், இல்லை என்று தொடங்கவில்லை. மேலே சொன்ன பிரிவுகளை வரிசையாகச் சொன்னேன். பிறகு, தீவு வந்தாலும் மீன் வராது என்றேன். பாக் நீரிணையில் நம் விசைப்படகுகளின் இழுவலைக்கு எதிரே நிற்பது போரில் எல்லாம் இழந்து சிறு படகோடு மீண்டும் தொழிலுக்கு வந்த யாழ்ப்பாணத்து மீனவர், அவரும் தமிழர். இலங்கை 2017இல் இழுவலையைச் சட்டத்தால் தடைசெய்தது. நம் பக்கம் ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற்றும் திட்டம் அதே ஆண்டு தொடங்கியது, அது வேகம் பிடிக்காமல் தீவைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று முடித்தேன். அவர் மேலே கேட்டுக்கொண்டே போனார். அந்த உரையாடல்தான் என்னைக் கரை சேர்த்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

வணிகப் பகுதிக்கு ஒரே ஒரு பழக்கம் போதும்: ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். 2000க்குப் பிறகு இலங்கையிலிருந்து வனஸ்பதி இறக்குமதி திடீரென்று பெருகியது, ஏனென்றால் பாமாயிலை அங்கே குறைந்த வரியில் இறக்கிப் பதப்படுத்தி இங்கே அனுப்ப முடிந்தது. நம் ஆலைகள் கூச்சல் போட்டன. இலங்கை மிளகு வந்ததும் இடுக்கி, வயநாட்டு விவசாயிகள் கொதித்தார்கள். ‘இருதரப்பு வர்த்தகம் வளர்ந்தது’ என்ற மொட்டை வரியைவிட இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளுக்கு எடை அதிகம்.

மற்றவை, சுருக்கமாக:

வரைபடம் போடுங்கள். ராமேஸ்வரம், தலைமன்னார், கச்சத்தீவு, திருகோணமலை, அம்பாந்தோட்டை, அரை நிமிடத்தில் வர வேண்டும்.
15 மதிப்பெண் விடையில் ஒரு பிரிவு எண், ஒரு தொகை, ஒரு இடப்பெயர் இருந்தாக வேண்டும்.
‘சீனா’ என்று தொடங்காதீர்கள். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.
13ஆவது திருத்தத்தில் நிலம், காவல் அதிகாரம் இரண்டும் இன்னும் மாகாணங்களிடம் நடைமுறையில் போகவில்லை. அதைச் சொல்லாமல் நல்லிணக்கம் பற்றி எழுதாதீர்கள்.
தமிழ்வழியில் எழுதுபவர்கள் கலைச்சொற்களை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், அங்கே யோசிக்க நேரமில்லை.
மாதாந்திர நடப்பு நிகழ்வுத் தொகுப்பு ஒன்று போதும்.

வேகமாக நிறைய வாசிப்பவர்களுக்கு இந்த முறை பொறுமையைச் சோதிக்கும். நான் மெதுவாக வாசிப்பவன், எனக்குப் பொருந்தியது. இலங்கைத் தாள் முடிந்த பிறகு மற்ற நாடுகள் சீக்கிரம் முடிந்தன, எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டதால். நேபாளத்துக்கு 1950 உடன்படிக்கையிலிருந்தும், வங்கதேசத்துக்கு 1996 கங்கை நீர் ஒப்பந்தத்திலிருந்தும் தொடங்குங்கள். இரண்டும் சிறியவை, ஒரு மாலையில் வாசித்துவிடலாம்.