புண்ணாக்கும் சிப்பிக் காளானும்

இன்று வெள்ளவத்தைச் சந்தையில் சிப்பிக் காளான் வாங்கினேன். கறிக்குத்தான். ஆனால் கையில் எடுத்ததும், ஊரில் அம்மா மாட்டுக்குப் புண்ணாக்கு ஊறவைக்கும் வாளி நினைவுக்கு வந்துவிட்டது.

எள்ளுப் புண்ணாக்கு சரி, மாடு ஆசையாகத் தின்னும். காட்டாமணக்குப் புண்ணாக்கிலும் புரதம் நிறைய உண்டு, ஆனால் விஷம். அதிலுள்ள ஃபோர்பால் எஸ்டர்கள் என்ற நச்சுப் பொருட்கள் 160 பாகை செல்சியசில் அரை மணி நேரம் வறுத்தாலும் அழியாது. பிரேசிலில் அந்தப் புண்ணாக்கிலேயே இந்தச் சிப்பிக் காளானை வளர்த்துப் பார்த்தார்கள். மரத்தையே உக்கவைக்கும் காளான் இது. அதன் வெள்ளை இழைகள் உள்ளே பரவப் பரவ நஞ்சு உடைந்து குறைகிறது. நெருப்பால் முடியாததை இவ்வளவு மெல்லிய இழை செய்கிறதே!

காளானைக் கழுவிக்கொண்டே மகளுக்கு இதைத்தான் சொன்னேன். அப்புறம் அவளும் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.