தீப்பெட்டி லேபிள்களுக்கு ஒரு வெப்சைட்: இதுவரை ஆன வேலை

சேர்த்து வைத்திருக்கும் சிவகாசி தீப்பெட்டி லேபிள்களை ஸ்கேன் பண்ணி ஒரு வெப்சைட்டில் போட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. படத்தை இழுத்துப் போட்டால் பக்கம் தயாராகிவிடும் சேவைகள் நிறைய இருக்கின்றன. அதில் சைட் வந்துவிடும், உள்ளே என்ன நடக்கிறது என்பது கடைசிவரை தெரியாது. அதனால் நோட்பேடைத் திறந்து கையாலேயே எழுத உட்கார்ந்தேன். எந்தச் சொல் புரியவில்லையோ, அது வரும் வரியை அழித்துவிட்டுப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். எது கெட்டுப்போகிறதோ, அதுதான் அந்த வரியின் வேலை. பாடம் படிப்பதைவிட எனக்கு இது சரியாக வந்தது.

முதலில் வைஃபையை அணைத்தேன். லேப்டாப்பில் நான் எழுதி வைத்த பக்கம் அப்போதும் திறந்தது. பிரவுசர் என்பது அடிப்படையில் ஒரு ஃபைலைப் படித்துக் காட்டும் மென்பொருள். அந்த ஃபைல் எங்கேயோ இருக்கும் கணினியிலிருந்து வர வேண்டுமென்றால்தான் இன்டர்நெட் வேண்டும். வெப்பும் இன்டர்நெட்டும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. கணினிக்குக் கணினி மின்னஞ்சல் 1971லேயே போக ஆரம்பித்துவிட்டது. டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் வெப்பை முன்மொழிந்தது 1989ல்.

அடுத்து சிஎஸ்எஸ் ஃபைலை இணைக்கும் வரியை எடுத்தேன். நிறம், இடைவெளி, ஓரம் எல்லாம் போய், வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தும் அடிக்கோடிட்ட நீல லிங்க்குகளும் மட்டும் நின்றன. ஆனால் தலைப்பு தலைப்பாகவே இருந்தது, பட்டியல் பட்டியலாகவே இருந்தது. எது தலைப்பு, எது பத்தி என்று சொல்வது எச்டிஎம்எல். அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது சிஎஸ்எஸ். செர்னின் முதல் வெப் பக்கத்தை இன்றும் பார்க்க முடிகிறது. சிஎஸ்எஸ் கழற்றிய என் பக்கம் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. ஆச்சரியமில்லை, சிஎஸ்எஸ் யோசனையே 1994ல்தான் வந்தது.

நான் அதிக நேரம் செலவழித்தது சார்செட் வரியில். ஃபைலில் இருக்கும் பைட்டுகளை எந்த முறைப்படி எழுத்தாக வாசிக்க வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி அது. வெறுமனே அழித்தபோது ஒன்றும் ஆகவில்லை. இது யூடிஎஃப்-8 என்று, அதாவது எல்லா மொழிக்கும் பொதுவான முறை என்று, பிரவுசர் தானாக ஊகித்துக்கொண்டது. சரி என்று, யூடிஎஃப்-8 இருந்த இடத்தில் விண்டோஸ்-1252 என்று எழுதினேன். ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய முறை அது. ‘தமிழ்’ இருந்த இடத்தில், தலையில் கோடு போட்ட ரோமன் ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ என்று ஒரே குப்பை. நமக்குத் ‘தமிழ்’ மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். யூடிஎஃப்-8ல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15 பைட். பழைய முறையில் ஒரு பைட் என்றால் ஒரு எழுத்து. அதனால் பிரவுசர் 15 எழுத்தாக வாசிக்கப் பார்க்கிறது. தமிழ்க் குறிகள் எல்லாமே ஒரே பைட்டில் தொடங்குவதால்தான் அந்த ஏ திரும்பத் திரும்ப வருகிறது. பிரவுசர் ஊகித்துக்கொள்ளும் என்று விடாமல், ஃபைலின் உச்சியிலேயே இந்த வரியை எழுதிவிடுவது நல்லது. அது முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும் என்பது விதி.

பக்கத்தின் அகலத்தைத் திரையின் அகலத்துக்கு ஏற்ப வைக்கச் சொல்லும் வியூபோர்ட் வரியைப் போனில் சோதித்தேன். அது இல்லாவிட்டால், போன் பிரவுசர் பக்கத்தை ஏறக்குறைய 980 பிக்சல் அகலமாக நினைத்து வரைந்து, அப்படியே சுருக்கித் திரைக்குள் அடக்கிவிடுகிறது. எழுத்து எறும்பளவு ஆகிறது. வரியைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடுகிறது.

தமிழுக்கென்று சிஎஸ்எஸ்ஸில் சில வேலைகள் உண்டு. ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி உயரத்தில், மேல்வரியின் ‘கூ’வும் கீழ்வரியின் ‘கி’யும் முட்டிக்கொள்கிற மாதிரி நிற்கின்றன. நான் 1.8 வைத்திருக்கிறேன், கண்ணுக்கு இதமாக இருக்கிறது. இத்தாலிக் வேண்டவே வேண்டாம். ஃபான்ட்டில் சாய்வெழுத்து இல்லாவிட்டால் பிரவுசர் நேரெழுத்தையே பிடித்துச் சாய்க்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. ‘பயன்படுத்தப்பட்டிருந்தது’ மாதிரியான சொல் போன் திரையை விட்டு வெளியே ஓடும். ஓவர்ஃப்ளோ-ராப் கொடுத்தால் மடங்கும்.

படங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கேனர் தரும் ஃபைலை அப்படியே ஏற்றாமல் அகலத்தைக் குறைத்தால் போதும். ஆல்ட் என்ற இடத்தில் ‘படம் 7’ என்று எழுதாமல் ‘சிவப்புப் பின்னணியில் சேவல்’ என்று எழுதுகிறேன். பார்வையற்றவர்களுக்கு ஸ்கிரீன் ரீடர் வாசிப்பது அதைத்தான். ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கலக்காமல் இருப்பது நல்லது. விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. லினக்ஸில் ஓடும் சர்வருக்கு, அதாவது சைட்டை வைத்திருக்கும் கணினிக்கு, அவை வெவ்வேறு ஃபைல். அங்கே ‘ஃபைல் கிடைக்கவில்லை’ என்னும் 404 பிழை வந்து நிற்கும்.

டொமைனும் ஹோஸ்டிங்கும் தனித்தனி என்று தெரிந்ததில் கொஞ்சம் காசு மிச்சம். பெயரை ஓரிடத்தில் வருட வாடகைக்கு எடுத்து, ஃபைல்களை வேறிடத்தில் வைக்கலாம். இரண்டையும் சேர்ப்பது டிஎன்எஸ். என்எஸ்லுக்அப் என்ற கட்டளையில் ஒரு சைட்டின் பெயரைக் கொடுத்தால், அதன் கணினிக்கு இன்டர்நெட்டில் இருக்கும் முகவரியான ஐபி எண் வந்து விழுகிறது. டிஎன்எஸ்ஸின் வேலை கண்ணெதிரே தெரிகிறது. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்கவும் வழி உண்டு. ஆனால் டிஎன்எஸ்ஸுக்குள் அது எக்ஸ்என் என்று தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவையாக மாறித்தான் போகிறது, சில சமயம் காப்பி பண்ணி ஒட்டும்போதும் அந்தக் கோவைதான் வருகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாரும் பயந்து தொட மாட்டார்கள். அதனால் ரோமன் முகவரியே எடுப்பதாக இருக்கிறேன்.

பக்கத்துக்குள் அசைவும் மாற்றமும் கொண்டுவரும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை இன்னும் தொடவில்லை, இப்போதைக்குத் தேவையும் இல்லை. விலங்கு, பறவை, சாமி, சினிமா என்று பிரிக்க நாலு பக்கமும் நாலு லிங்க்கும் போதும். சாமி லேபிள்கள்தான் அதிகம் ஸ்கேன் ஆகியிருக்கின்றன, அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.