வெல்வெட்ஸ்வெட்ஷாப்

மார்ச் 3, 2025, திங்கள்

நூல் மில்லின் கணக்குப் பிரிவு அக்காவிடமிருந்து காலையிலேயே போன். "தம்பி, ஒரு ஆர்டர் மெயில் வந்துச்சு. எக்ஸெலைத் திறந்தா மங்கலா ஒரு படம் மட்டும் தெரியுது. மூணு தடவை திறந்து பாத்துட்டேன்."

மூன்று தடவை! முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள் என்றேன். "ஜிஎஸ்டி வேலை கிடக்கே" என்று இழுத்தார். அப்புறம் கழற்றினார்.

மெயில் சர்வரில் இருந்து கோப்பை எடுத்து, பாஸ்வேர்டு போட்ட ஜிப்பில் பூட்டினேன். வைரஸ் கோப்புகளைச் சோதிக்கும் தளமான வைரஸ்டோட்டலில் கோப்பின் ஹாஷை, அதாவது அதன் கைரேகை போன்ற எண்ணை மட்டும் தேடிப் பார்த்தேன், இல்லை. கோப்பில் ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் மாறிவிடும் என்பதால் இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. கோப்பை ஏற்றவில்லை. ஏற்றினால் சந்தா கட்டியவர்கள் இறக்கிக்கொள்ளலாம். முன்பு ஒருமுறை அவசரப்பட்டு ஒரு வாடிக்கையாளரின் நிஜ விலைப்பட்டியலை ஏற்றி, வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

மார்ச் 4, செவ்வாய்

கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். இப்போதைய எக்ஸெல் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப்தான். 'பிகே' என்றுதான் தொடங்க வேண்டும், ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் இனிஷியல் அது. இதுவோ டி0 சிஎஃப் 11 இ0 என்று தொடங்கியது. சுழியை 'ஓ' என்றும் ஒன்றுகளை 'ஐ', 'எல்' என்றும் படித்தால் 'டாக்ஃபைல்'. மைக்ரோசாஃப்ட்டில் யாரோ குசும்புக்காரர்.

அது ஆஃபிஸின் பழைய வகைக் கோப்புப் பெட்டி. அதற்குள் 'என்கிரிப்டட் பேக்கேஜ்' என்று ஒரு பகுதி. ஆக, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய கோப்பு. ஆனால் அக்காவிடம் எக்ஸெல் பாஸ்வேர்டே கேட்கவில்லையே? அங்கேதான் பிடி கிடைத்தது. பூட்டிய கோப்பைத் திறக்கும்போது, நம்மைக் கேட்கும் முன் எக்ஸெல் தானாகவே ஒரு சாவியைப் போட்டுப் பார்க்கும். அந்தச் சாவி 'வெல்வெட்ஸ்வெட்ஷாப்'. விளையாட்டுக்கு வைத்த பெயர் போல இருக்கிறது, ஆனால் நிஜம். அதையே கொடுத்தேன், திறந்துகொண்டது. வாசலில் நிற்கும் மெயில் ஸ்கேனருக்கு உள்ளே இருப்பது தெரியாது, அக்காவுக்கோ பூட்டு இருந்ததே தெரியாது.

மார்ச் 5, புதன்

எக்ஸெலுக்குள் ஓடும் குட்டி நிரலான மேக்ரோ ஒன்றுகூட இல்லை. மங்கல் படத்தின் பின்னால் ஒரு சமன்பாட்டுப் பொருள். நூல் ஆர்டரில் கணிதச் சமன்பாடு எதற்கு?

அதே பழைய பாதுகாப்பு ஓட்டை, பட்டியலில் அதன் எண் சிவிஇ-2017-11882. ஆஃபிஸோடு வந்த ஈக்வேஷன் எடிட்டர் 2000-இல் கம்பைல் ஆனது. எழுத்துருவின் பெயரை நீளம் பார்க்காமல் நினைவகத்தில் நகலெடுக்கும். பெயர் நீண்டால் பக்கத்தில் இருப்பதை மிதித்துவிடும். அந்த நீளமான பெயருக்குள்தான் திருடன் தன் கட்டளைகளை வைப்பான். 2017 நவம்பரில் அப்டேட் கொடுத்து ஓட்டையை அடைத்தார்கள், 2018 ஜனவரியில் எடிட்டரையே தூக்கிவிட்டார்கள்.

மார்ச் 7, வெள்ளி

தனி மெஷினில் ஓடவிட்டேன். எக்ஸெலின் கீழ் புதிதாக எந்த புரோகிராமும் முளைக்கவில்லை. ஈக்வேஷன் எடிட்டர் தனி புரோகிராம், விண்டோஸின் பின்னணியில் ஓடும் எஸ்விசிஹோஸ்ட் அதை எழுப்புகிறது. எக்ஸெலையே முறைத்துக்கொண்டிருந்தால் கோட்டைவிடுவோம். எழுந்ததும் அது ஒரு இணைய முகவரிக்குப் போய் ஒரு இஎக்ஸ்இ-யை, அதாவது ஓடக்கூடிய புரோகிராம் கோப்பைக் கேட்டது. நான் வைத்திருந்த போலி சர்வர் காலிக் கோப்பைக் கொடுத்து அனுப்பியது.

மார்ச் 10, திங்கள்

மில்லுக்கே போனேன். அக்காவின் மெஷினில் ஆஃபிஸ் 2010. எப்போதோ ஒரு அப்டேட்டுக்குப் பின் பில்லிங் மென்பொருள் நின்றுபோனதாம். அன்றைக்கு யாரோ அப்டேட்டை நிறுத்திவைத்ததுதான், அப்படியே கிடக்கிறது. எனக்கு வந்த கோபம் அக்கா மேல் இல்லை.

ஃபயர்வால் பதிவில் அந்த முகவரிக்கு மூன்று கோரிக்கைகள். மூன்றுக்கும் பதில் 404, அதாவது 'கோப்பு இல்லை'. அதற்குள் யாரோ அந்தக் கோப்பை அங்கிருந்து எடுத்துவிட்டிருக்கிறார்கள். இருந்தாலும் மெஷினை முழுதாக அழித்து, புதிதாகப் போடச் சொன்னேன்.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: "அப்ப அந்த நாற்பதாம் நம்பர் நூல் ஆர்டர் பொய்யா தம்பி? முதலாளிகிட்ட சொல்லிட்டேனே."