மேய்ப்பன் இல்லாத மான்

சங்கீதம் 42-இன் முதல் வசனத்தை அச்சடித்த படங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். பச்சைப் பசேலென்று ஒரு காடு, நடுவே ஓடை, கரையில் தலை குனிந்து தண்ணீர் குடிக்கும் ஒரு மான். கீழே, "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல, தேவனே, என் ஆத்துமா உம்மை வாஞ்சித்துக் கதறுகிறது." பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வசனத்து மான் தண்ணீர் குடிக்கவில்லையே, கதறிக்கொண்டல்லவா இருக்கிறது! ஓடைக்கு வந்து சேர்ந்துவிட்ட மான் எதற்குக் கதற வேண்டும்? வேதாகமத்தில் மான் வரும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தால், உன்னதப்பாட்டைத் தவிர மற்ற பல இடங்களில் அது தாகத்தில் இருக்கிறது, அல்லது துரத்தப்படுகிறது, அல்லது மேய்ச்சல் கிடைக்காமல் தவிக்கிறது.

அந்தச் சங்கீதத்தையே ஆறாம் வசனம் வரைக்கும் வாசித்துப் பாருங்கள். எழுதியவர் தான் இருக்கும் இடத்தைச் சொல்கிறார்: யோர்தான் தேசம், எர்மோன் மலைகள், சிறுமலை. எர்மோன் 2,814 மீட்டர் உயரம். அதன்மேல் விழும் பனியும் மழையும் மலைக்குள் இறங்கி, அடிவாரத்தில் தாண், பானியாஸ் ஊற்றுகளாகப் பொங்கித்தான் யோர்தான் நதி பிறக்கிறது. அந்த நாட்டிலேயே தண்ணீருக்குப் பஞ்சமில்லாத மூலை அதுதான். அங்கே இருந்துகொண்டுதான் இவர் தாகமாயிருக்கிறது என்கிறார். அடுத்த வசனத்தில் பார்த்தால், "உமது அலைகளும் திரைகளும் எல்லாம் என்மேல் புரண்டுபோகிறது" என்று மூச்சுத் திணறுகிறார். தண்ணீர் தலைக்கு மேலே போகிறது, தாகம் மட்டும் தீரவில்லை. எருசலேம் ஆலயம் தெற்கே எங்கோ தொலைவில் இருக்கிறது, இவர் வடகோடியில் கிடக்கிறார், சுற்றி இருப்பவர்கள் "உன் தேவன் எங்கே" என்று தினமும் கேட்கிறார்கள், கண்ணீரே அவருக்குச் சாப்பாடாகிவிட்டது. இப்படி ஒரு நிலைமையில் இருப்பவர் தன்னை ஆடு என்று சொல்லவில்லை, மான் என்கிறார். ஏன் மான் என்பதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்த கேள்வி.

ஆட்டுக்கு மேய்ப்பன் உண்டு. அமர்ந்த தண்ணீர்கள் அண்டைக்குக் கொண்டுபோய் விடுவதற்கு ஆள் உண்டு, அதைத்தான் 23-ஆம் சங்கீதம் சொல்கிறது. மானுக்கு அப்படி யாரும் கிடையாது. அது யாருடைய மந்தையிலும் இல்லை, யாருடைய கணக்கிலும் இல்லை. நியாயப்பிரமாணமும் மானை ஒரு தனி இடத்தில்தான் வைத்திருக்கிறது. உபாகமம் 14-இல் புசிக்கத்தக்க மிருகங்களின் பட்டியலில் மானும் வெளிமானும் வருகின்றன. அசைபோடும், விரிகுளம்பு உண்டு, எனவே சுத்தமான பிராணி. ஆனால் பலிபீடத்துக்குப் போவது மாடு, செம்மறியாடு, வெள்ளாடு, அப்புறம் புறா இவை மட்டும்தான். மானைப் பலியிட முடியாது. பலிக்குரிய மிருகத்தை ஊரில் சாதாரணச் சாப்பாட்டுக்காக அடிக்கலாமா என்ற கேள்வி வரும்போது உபாகமம் 12 தரும் பதில், "வெளிமானையும் மானையும் சாப்பிடுகிற மாதிரி சாப்பிடுங்கள், தீட்டுள்ளவனும் சாப்பிடலாம், தீட்டில்லாதவனும் சாப்பிடலாம்" என்பதுதான். அதாவது, பலிபீடத்தோடு சம்பந்தமே இல்லாத இறைச்சிக்கு மான் இறைச்சிதான் அளவுகோல். லேவியராகமம் 17-இல் இன்னொன்றும் இருக்கிறது: புசிக்கத்தக்க காட்டு மிருகத்தையோ பறவையையோ வேட்டையாடிப் பிடித்தவன் அதன் இரத்தத்தைத் தரையில் சிந்தி, மண்ணைப் போட்டு மூட வேண்டும். ஆட்டின் இரத்தம் பலிபீடத்தில் தெளிக்கப்படுகிறது. மானின் இரத்தம் அது விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் போகிறது. ஆலயத்துக்குள் நுழைய வழியில்லாத சுத்தமான உயிர் என்று மானைச் சொல்லலாம் என்றால், ஆலயத்தை நினைத்து அழுகிற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் வேறு எது?

இது என்னுடைய வாசிப்பு, 42-ஆம் சங்கீதம் இதை நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் மற்ற வசனங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு இது இன்னும் உறுதியாகிறது.

எரேமியா 14 ஒரு வறட்சியைப் பற்றிய அதிகாரம். பிரபுக்கள் வேலைக்காரப் பிள்ளைகளைத் தண்ணீருக்கு அனுப்புகிறார்கள், அவர்கள் வெறும் பாத்திரத்தோடு திரும்பி வருகிறார்கள், நிலம் வெடித்துக் கிடக்கிறது. அதற்கடுத்து ஐந்தாம் வசனத்தில் ஒரு பெண்மான்: கன்று போட்டு, புல் இல்லாததால் கன்றை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. மான்கள் கன்று ஈன்றதும் என்ன செய்யும் என்பது தெரிந்தால் இந்த வசனம் இன்னும் வலிக்கும். முதல் சில நாட்கள் கன்று புல்லுக்குள் அசையாமல் படுத்துக் கிடக்கும், தாய் கொஞ்சம் தள்ளிப் போய் மேயும், பால் கொடுக்க மட்டும் திரும்பி வரும். தாய் விலகிப் போவது எப்போதும் நடப்பதுதான், ஆனால் இந்த முறை அது திரும்பி வரப்போவதில்லை. கன்றை மறைக்கவும் புல் இல்லை, தாய்க்குப் பால் சுரக்கவும் புல் இல்லை. வறட்சியின் கொடுமையைச் சொல்ல எத்தனையோ வழி இருந்தும் எரேமியா கண்ணில் பட்டது இது. புலம்பல் 1:6-இல் சீயோனின் பிரபுக்களே மேய்ச்சலைக் காணாத மான்களாகிவிடுகிறார்கள், துரத்துகிறவனுக்கு முன்னால் சத்துவமில்லாமல் நடக்கிறார்கள். மான் ஓட முடியாமல் நடக்கிறது என்றால் அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது.

ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள் நமக்கு மனப்பாடம், அதனாலேயே அவற்றில் ஒரு விஷயம் கண்ணில் படுவதில்லை. அத்திமரம் துளிர்க்கவில்லை, திராட்சச்செடியில் பழம் இல்லை, ஒலிவ மரம் ஏமாற்றிவிட்டது, வயலில் விளைச்சல் இல்லை, கிடையில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை. மனுஷனுக்குச் சொந்தமானது என்று சொல்லக்கூடிய செடி, மரம், மிருகம் எல்லாம் வரிசையாகப் போய்விட்டது. எல்லாம் போன பிறகு வருவதுதான், "அவர் என் கால்களை மான்கால்களைப்போலாக்கி, உயரமான ஸ்தலங்களில் என்னை நடக்கப்பண்ணுவார்." கிடையும் தொழுவமும் காலியான பிறகு மிஞ்சி நிற்கிறது, யாருக்கும் சொந்தமில்லாத மிருகம். அவர் தனக்கு ஆட்டையும் மாட்டையும் திருப்பித் தரச்சொல்லிக் கேட்கவில்லை, மானின் கால் போதும் என்கிறார்.

அந்தக் கால் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்ப்போம். விரிகுளம்பு, அதாவது இரண்டு விரல், ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும், பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப விரிந்து பிடித்துக்கொள்ளும். ஓரம் நகம் போலக் கெட்டி, நடுவில் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். ஓரம் பாறை விளிம்பில் கொக்கி போலப் பதியும், நடுப்பகுதி வழுக்காமல் தாங்கும். பின்னால் சற்று உயரத்தில் இன்னும் இரண்டு சின்னக் குளம்புகள், சரிவில் இறங்கும்போது அவையும் தரையில் ஊன்றும். கால் வைக்க இத்தனை சின்ன இடம் கிடைத்தால் போதும், அந்த மிருகம் நின்றுவிடும். தாவீதும் சங்கீதம் 18-இல் இதே கால்களைத்தான் கேட்டுப் பெற்றதாகப் பாடுகிறார். அவர் வாழ்க்கையில் சில வருஷங்கள் சவுலுக்குப் பயந்து மலைக் குகைகளில் ஓடியது என்பதை நினைத்துக்கொண்டு வாசித்தால் அது வெற்றிப் பாட்டாக மட்டும் கேட்காது. வேகம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்குத் தாவீதின் வீரன் ஆசகேல் சாட்சி: வெளியில் இருக்கும் கலைமானைப் போல ஓடக்கூடியவன் என்று 2 சாமுவேல் 2 சொல்கிறது, சவுலின் படைத்தலைவன் அப்நேரை விடாமல் துரத்திப் போய் அவனுடைய ஈட்டியின் பின்முனையால் செத்தான்.

சரி, மேய்ப்பன் இல்லாத மானை யார்தான் பார்க்கிறார்கள்? யோபு 39-இல் தேவன் யோபைப் பார்த்து அதைத்தான் கேட்கிறார். மான்கள் குட்டி போடுவதை நீ கவனித்தாயோ, அவை சுமந்து தீரும் மாதங்களை நீ எண்ணினாயோ? ஆட்டு மந்தைக்காரனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியும், ஏழாயிரம் ஆடு வைத்திருந்த யோபுக்குத் தெரியாமலா இருக்கும். ஆனால் மானின் கணக்கு அவரிடம் இல்லை. கேள்வியிலேயே பதில் இருக்கிறது, அந்த மாதங்களை எண்ணுகிறவர் கேட்கிறவரேதான். பிள்ளைகளையும் மந்தைகளையும் இழந்து உட்கார்ந்திருந்த ஒருவரிடம், உன் மந்தையில் இல்லாத உயிரின் பிரசவ வேதனையும் எனக்குத் தெரியும் என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்.

உன்னதப்பாட்டில் மானுக்கு வேறு வேலை. அங்கே அது காதலன், மலைகள்மேல் குதித்து வருகிறான், மதிலுக்குப் பின்னால் நிற்கிறான், பலகணி வழியாகப் பார்க்கிறான். யூத ரபீக்கள் இதை மீட்பரைப் பற்றியதாக வாசித்தார்கள்: மான் தெரியும், மறையும், மறுபடி தெரியும், அதே மாதிரி மோசே இஸ்ரவேலருக்கு வெளிப்பட்டு, மறைந்து, மறுபடி வெளிப்பட்டான் என்று மித்ராஷ் என்ற பழைய யூத வேத விளக்கம் சொல்கிறது. எனக்கு இந்த விளக்கம் மிகவும் பிடிக்கும், காணாமல் போகிற நேரத்தையும் சேர்த்து அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 22-ஆம் சங்கீதத்தின் தலைப்பில் வரும் விடியற்காலத்துப் பெண்மானையும் அவர்கள் விடவில்லை. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று தொடங்கும் சங்கீதம் அது. ரபீக்களின் போதனைகளைத் தொகுத்த தால்மூத் அந்த விடியலை எஸ்தர் ராணியோடு சேர்க்கிறது. கிறிஸ்தவர்களுக்கோ அது சிலுவையில் ஒலித்த வார்த்தை. இரண்டு வாசிப்பிலும் தனியாக விடப்பட்ட ஒருவர்தான் இருக்கிறார்.

மானும் தண்ணீரும் நிஜமாகவே ஒன்றாகச் சேரும் வசனம் ஏசாயா 35:6. முடவன் மானைப்போல் குதிப்பான், வனாந்தரத்தில் தண்ணீர் பாய்ந்தோடும். அப்போஸ்தலர் 3-இல் பிறவி முடவனான ஒரு மனுஷன், நாற்பது வயதுக்கு மேலானவன், அலங்கார வாசலில் எழுந்து நின்று, நடந்து, குதித்து, துதித்துக்கொண்டு தேவாலயத்துக்குள்ளே போகிறான்.

ஆதித் திருச்சபையும் இந்தத் தண்ணீரை ஞானஸ்நானத் தண்ணீராகப் பார்த்தது. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானவர்கள் 42-ஆம் சங்கீதத்தைப் பாடிக்கொண்டு தொட்டிக்குப் போனார்கள். ரோமில் லாத்தரான் ஞானஸ்நான மண்டபத்துக்குக் கான்ஸ்டன்டைன் பேரரசர் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் ஏழு வெள்ளி மான்களைக் கொடுத்ததாகப் பழைய போப்பாண்டவர் வரலாறு சொல்கிறது. இத்தாலியின் ராவென்னாவில் 5-ஆம் நூற்றாண்டின் கல்லா பிளாசிதியா கல்லறை மண்டபத்தில், நீலப் பின்னணியில் பொன்னிறக் கொடிகளுக்கு நடுவே இரண்டு மான்கள் குளத்தை நோக்கி வரும் மொசைக் இன்றைக்கும் இருக்கிறது.

கூடவே ஒரு பாம்புக் கதையும் வந்து சேர்ந்தது. மான் பாம்பை வளையிலிருந்து இழுத்துக் கொல்லும் என்று கிரேக்க ரோமானிய உலகம் நம்பியது, பிசியோலோகஸ் என்ற பழைய கிறிஸ்தவ மிருக நூல் அதைக் கிறிஸ்து சாத்தானை ஜெயித்ததற்கு உவமையாக்கியது. உயிரியலாகப் பார்த்தால் அது உண்மை இல்லை. ஆதித் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீன் 42-ஆம் சங்கீதத்தைப் பற்றிய பிரசங்கத்தில் அதை எடுத்துக்கொண்ட விதம்தான் எனக்கு முக்கியம்: பாம்பைக் கொன்ற பிறகுதான் மானுக்குத் தாகம் இன்னும் கடுமையாகிறது, எனவே உன் பாவங்களோடு போராடு, அப்போது தாகம் என்றால் என்னவென்று தெரியும் என்கிறார்.

அதே பிரசங்கத்தில் அவர் மான்களைப் பற்றி இன்னொன்றும் சொல்கிறார். மான்கள் கூட்டமாக நீரில் நீந்திக் கடக்கும்போது ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் போகும் மானின்மேல் தலையைச் சாய்த்துக்கொள்ளும், முதலில் போகும் மானுக்குச் சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லை, அது களைத்ததும் பின்னால் வந்துவிடும், அடுத்தது முன்னே போகும். சிலிசியாவிலிருந்து சைப்ரஸுக்கு மான்கள் இப்படித்தான் கடல் கடக்கும் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினியும் எழுதியிருக்கிறார். அகுஸ்தீன் இதைக் கலாத்தியர் 6:2-உடன், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதோடு சேர்க்கிறார். மேய்ப்பன் இல்லாத மிருகத்தைப் பற்றி இவ்வளவு பேசியபின் எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் 42-ஆம் சங்கீதத்தின் நாலாம் வசனத்தில் அந்த மனுஷர் ஏங்கி அழுவது ஆலயத்துக்காக மட்டும் அல்ல, பண்டிகை ஜனங்களோடு கூட்டமாக நடந்து, பாடிக்கொண்டு அங்கே போன அந்த நாட்களுக்காகவும்தான்.