நூறு ஜிபி இடத்துக்கு நான்கு இரவுகள்: விண்டோஸின் பக்கத்தில் லினக்ஸ்

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு என் பழைய மடிக்கணினியை முடுக்கியபோது, கறுப்புத் திரையில் லினக்ஸ் மின்ட், விண்டோஸ் என்னும் இரு இயக்குதளங்களின் பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. நான்கு இரவுகளாக நான் காத்திருந்தது இந்தத் திரைக்காகத்தான். என் கணினியின் ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. மகள் படம் வரையும் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குவதால் விண்டோஸை அடியோடு நீக்கவும் மனமில்லை. ஆகவே வரைவதற்கு விண்டோஸ், வங்கிக் கணக்கு உள்ளிட்ட இணைய வேலைகளுக்கு லினக்ஸ் என்று பிரித்துக்கொள்ள முடிவு செய்தேன்.

பென்டிரைவிலிருந்து மின்ட் 22ஐ இயக்கிப் பார்த்ததில் வைஃபை, ஒலி, தொடுபலகை எல்லாம் முதல் முறையே வேலை செய்தன. என்னைத் திணறடித்தது, வட்டில் விண்டோஸ் இருக்கும் பகுதியை, அதாவது அதன் பகிர்வைச் சுருக்கி லினக்ஸுக்கு இடம் எடுக்கும் வேலை. 512 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பு வட்டில் ஏறத்தாழ 290 ஜிபி காலியாக இருந்தும், விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவி சுருக்கித் தர முன்வந்தது 8,214 எம்பி மட்டுமே. நான் கேட்டதோ 1,02,400 எம்பி.

காலி இடம் எவ்வளவு என்பது இங்கே முக்கியமில்லை. பகிர்வின் கடைசிப் பகுதியில் நகர்த்த முடியாத கோப்பு ஒன்று உட்கார்ந்திருந்தால், அதற்கு முன்னால் எவ்வளவு வெற்றிடம் இருந்தாலும் விண்டோஸ் அந்த இடத்தைத் தாண்டிச் சுருக்காது. உறக்கநிலைக் கோப்பு, மெய்நிகர் நினைவகக் கோப்பு, மீட்புப் புள்ளிகள் ஆகிய மூன்றும்தான் வழக்கமான காரணங்கள் என்பதால், நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து உறக்கநிலையை நிறுத்தினேன். மெய்நிகர் நினைவகத்தையும், மீட்புப் புள்ளிகளை உருவாக்கும் கணினிப் பாதுகாப்பையும் தற்காலிகமாக நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தேன். எண் 23,000ஐச் சற்றே தாண்டியது. அதற்கு மேல் அசையவில்லை. இரண்டாம் இரவும் அப்படியே கழிந்தது.

மூன்றாம் இரவில்தான் விடை கிடைத்தது. சுருக்கும் முயற்சி ஒவ்வொன்றின்போதும் விண்டோஸ், தன்னைத் தடுத்து நிறுத்திய கடைசிக் கோப்பின் பெயரைத் தானே குறித்து வைக்கிறது. விண்டோஸின் நிகழ்வுக் குறிப்புகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் பதிவுகள், பயன்பாடு என்று சென்று, 259 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் திறந்தால் அந்தப் பெயர் முழுப் பாதையுடன் கண்முன் நிற்கிறது. சுருக்கும் பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் இதற்கான குறிப்பு இருந்தும், அதைப் படிக்காமலேயே இரண்டு இரவுகளைச் செலவிட்டிருக்கிறேன். எனக்கு முதலில் வந்த பெயர், வட்டில் நிகழும் மாற்றங்களை விண்டோஸ் எழுதிவைக்கும் யூஎஸ்என் பதிவேடு. அதை அழித்தாலும் விண்டோஸ் மீண்டும் உருவாக்கிக்கொள்ளும் என்பதால் துணிந்து அழித்தேன். எண் 61,000க்கு ஏறியது. மறுபடியும் 259ஐத் திறந்தால், தேடல் சேவையின் அட்டவணைக் கோப்பு (இன்டெக்ஸ்). அந்தச் சேவையை நிறுத்திவிட்டு அந்தக் கோப்பை நீக்கியதும் 1,46,000 எம்பி கிடைத்தது. அப்போது இரவு மணி ஒன்றரை. வீட்டில் எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்ததால், அந்த மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளக் காலை வரை பொறுக்க வேண்டியதாயிற்று.

பென்டிரைவிலிருந்து ஜிபார்ட்டட் என்னும் பகிர்வுக் கருவி கொண்டு சுருக்கினால் இவ்வளவு பாடு இல்லை என்பது உண்மையே. ஆனாலும் விண்டோஸின் பகிர்வை விண்டோஸே சுருக்குவதுதான் பாதுகாப்பானது என்று நினைக்கிறேன். மகளின் ஓவியங்கள் அனைத்தும் அதில்தான் இருக்கின்றன. வேலை முடிந்தபின் மெய்நிகர் நினைவகம், கணினிப் பாதுகாப்பு, தேடல் சேவை மூன்றையும் பழையபடி இயக்கிவிட்டேன். உறக்கநிலையை மட்டும் நிறுத்தியே வைத்திருக்கிறேன். அது இயங்கினால் விரைவுத் தொடக்கமும் சேர்ந்து இயங்கும். அப்போது விண்டோஸ் முழுமையாக அணையாமல் நிற்பதால், லினக்ஸிலிருந்து அந்தப் பகிர்வில் எதையும் எழுத முடியாமல் போகும்.

பென்டிரைவ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய முதல் பென்டிரைவில், மின்டின் தொடக்கப் பட்டியலிலேயே உள்ள சரிபார்ப்புச் சோதனை இரண்டு முறையும் பிழை காட்டியது. பிறகு சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேருக்கு நேரில் சென்று, கடைக்காரரின் கணினியிலேயே கொள்ளளவைச் சோதித்துக் காட்டச் சொல்லி, இன்னொன்று வாங்கிவந்தேன். அதே கடையில் இரண்டரை அங்குல எஸ்எஸ்டிகளின் விலையையும் கேட்டு வைத்திருக்கிறேன். என் மடிக்கணினியில் காலியாக உள்ள இரண்டாவது இடத்தில் அதைப் பொருத்தினால் லினக்ஸுக்குத் தனி வட்டே கிடைத்துவிடும். அதற்கு முன் தமிழ்99 தட்டச்சை, லினக்ஸின் உள்ளீட்டுக் கருவியான ஐபஸ் வழியாக அமைத்தாக வேண்டும். 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் என்னும் தமிழ்க் கணிமை மாநாட்டைத் தொடர்ந்து, 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில் உருப்பெற்ற விசைப்பலகை அது; என் விரல்களுக்கு அதைத் தவிர வேறொன்றும் பழக்கமில்லை.

நிறுவல் சிக்கலின்றி முடிந்தது. ஆனால் மறுநாள் இரவு பத்து மணிக்கு மகள் விண்டோஸைத் திறந்தபோது, “அப்பா, கணினியில் மதியம் இரண்டு மணி என்று காட்டுகிறது,” என்றாள். சரியாக எட்டு மணி நேரம் பின்னால். லினக்ஸ், தாய்ப்பலகையின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. சிங்கப்பூர் 1982இல் அரை மணி நேரம் முன்னகர்ந்து உலகப் பொது நேரத்துடன் எட்டு மணி நேர வேறுபாட்டுக்கு வந்ததால், பிழையும் அதே எட்டு மணி நேரம்.

விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டை (ரெஜிஸ்ட்ரி) மாற்றுவதே முறையான தீர்வு என்று பலர் சொல்வார்கள். மகள் பயன்படுத்தும் பக்கத்தை மேலும் தொட விரும்பாமல், லினக்ஸையே உள்ளூர் நேரத்தில் எழுதச் சொல்லிவிட்டேன். கட்டளையைக் கொடுத்ததும் லினக்ஸ் எச்சரித்தது, நேர மண்டலம் மாறும்போதும் கோடைகால நேர மாற்றத்தின்போதும் குழப்பம் வரலாம் என்று. சிங்கப்பூரில் கோடைகால நேரம் கிடையாது. இந்த மடிக்கணினியும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை விட்டு வெளியே போவதில்லை. விண்டோஸில் நேரத்தை ஒருமுறை ஒத்திசைத்துவிட்டு, இரண்டுக்கும் மாறி மாறி ஆறு முறை சென்று பார்த்தேன். இரண்டிலும் மணி 11.40.